பொம்மைப் படங்களில் யாருடைய முகம்?

கேமராவின் முன் நிற்கும் மனிதருக்கு முகம் ஏற்கெனவே இருக்கிறது. பொம்மைப் படத்தில் அப்படி எதுவும் இல்லை. தோலுக்கு என்ன நிறம், மூக்கு எவ்வளவு நீளம், கட்டியிருப்பது வேட்டியா கால்சட்டையா, வாயைத் திறந்தால் எந்த ஊர்ப் பேச்சு வரும் என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். பழைய கார்ட்டூன் குறும்படங்களில் யார் எப்படி வரையப்பட்டார்கள் என்ற கேள்வி எண்பது ஆண்டுகளாக ஓயாததற்கு இதுவே காரணம். தற்செயல் என்று சொல்லி நகர்ந்துவிட அங்கே இடம் குறைவு.

இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்தது அமெரிக்காவில். பெரும்பாலான பதில்களும் அங்கிருந்தே வந்தன. அவற்றை இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் சில பொருந்துகின்றன, சில பொருந்தவில்லை. முக்கியமான பதில்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு, திருவண்ணாமலை போன்ற ஒரு கோயில் நகரத்திலிருந்து பார்க்கும்போது எது மிஞ்சுகிறது என்று கேட்பது இக்கட்டுரையின் நோக்கம். திருவண்ணாமலையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்னை, சேலம் போலப் பெரிய ஸ்டூடியோக்கள் இயங்கிய ஊர் அல்ல இது. எங்கோ எடுத்த படங்கள் வந்து சேர்ந்த ஊர். கூடவே, தெருக்கூத்து இன்னும் மூச்சோடு இருக்கிற ஒரு மாவட்டத்தின் தலைநகரும்கூட. வெளியிலிருந்து வந்த பொம்மை முகத்தையும் உள்ளூர்க் கோமாளியையும் ஒரே தலைமுறை பார்த்து வளர்ந்த இடம் என்பதால், இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம்.

முகம் காட்டாத பெண்

1920களின் கடைசியிலிருந்து 1950கள் வரை அமெரிக்கத் திரையரங்குகளில் முழுநீளப் படத்துக்கு முன்னால் ஏழெட்டு நிமிடக் கார்ட்டூன் ஓடியது. மிக்கி, போப்பாய், பக்ஸ் பன்னி, டாம் அண்ட் ஜெர்ரி எல்லாம் அந்த ஏழெட்டு நிமிடங்களில் திரைப்புகழ் பெற்றவர்கள்தான். வாரத்துக்கு வாரம் புதுப் படம் வேண்டும், பார்த்ததும் சிரிப்பு வர வேண்டும். பார்வையாளருக்கு முன்பே பழகிய முகங்கள் இருந்தால் அறிமுகத்துக்கு நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. அப்படிப் பழகிய முகங்கள் மின்ஸ்ட்ரல் மேடையிலிருந்து வந்தன. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைப் போல ஆடிப்பாடிய மேடை அது.

1940-ல் வெளிவந்த முதல் டாம் அண்ட் ஜெர்ரி படத்திலேயே ஒரு கறுப்பினப் பெண் வருகிறார். நாம் பார்ப்பது அவருடைய கால்களை: தடித்த காலுறை, செருப்பு, பாவாடையின் ஓரம், கையில் துடைப்பம். கேமரா பூனையின் உயரத்தில் நிற்பதால் முகம் சட்டத்துக்கு மேலே போய்விடுகிறது. பூனையைத் திட்டும் குரல் மட்டும் முழுதாகக் கேட்கிறது. அந்தக் குரல் லில்லியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகையுடையது. 1952 வரை அந்தப் பாத்திரம் தொடர்ந்தது. பிறகு எதிர்ப்பு வலுத்ததால், 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அந்தக் கால்களுக்குப் பதில் வெள்ளைக்கார இளம்பெண் ஒருத்தியை வரைந்து ஒட்டினார்கள். வேறு சில படங்களில் படத்தை அப்படியே விட்டுவிட்டு, அயர்லாந்து உச்சரிப்பில் குரல் நடிகை ஜூன் ஃபோரேயின் குரலைப் பொருத்தினார்கள்.

இந்த ஒரு உதாரணத்திலேயே சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த உருவம் அடிமைக்கால வீட்டு வேலைக்காரி என்ற அச்சிலிருந்து வார்க்கப்பட்டது என்பதில் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துப்போகிறார்கள். அவர் தன் வீட்டைப் பற்றிப் பேசும் விதத்தை வைத்து, அவர்தான் வீட்டுக்காரம்மா என்று வாதிடுவோரும் உண்டு. இந்தத் தகராறு தீராவிட்டாலும், அவரை நீக்கியபோது இழப்பு யாருக்கு என்பதில் ஐயமில்லை. ஒரு கறுப்பின நடிகையின் உழைப்பு ஒலித்தடத்திலிருந்து அழிந்தது. வரைந்தவர்களின் பெயர்ப்பட்டியல் அப்படியே இருந்தது.

“அந்தக் காலம் அப்படி”

மிகப் பரவலான பதில் இதுதான். அன்றைய சமூகம் அப்படி இருந்தது, படமும் அப்படி இருந்தது, இன்றைய அளவுகோலை அதன்மேல் வைக்கக் கூடாது என்கிறது இந்த வாதம். கேட்பதற்கு நியாயமாகவே படுகிறது. வரலாற்றை அதன் இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதை யார் மறுப்பார்கள்?

ஆனால் அந்தக் காலத்தில் வாழ்ந்த எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கவில்லை. வால்டர் லான்ட்ஸ் நிறுவனம் 1941-ல் எடுத்த ‘ஸ்க்ரப் மீ மாமா வித் எ பூகி பீட்’ என்ற படம், கறுப்பர் ஊர் ஒன்றைச் சோம்பேறிகளின் ஊராகக் காட்டியது. 1948-ல் அது மறுபடி திரைக்கு வந்தபோது கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. எழுத்துமூலம் எதிர்த்தது. அடுத்த ஆண்டு யுனிவர்சல் நிறுவனம் படத்தை விலக்கிக்கொண்டது. 1943-ல் வார்னர் வெளியிட்ட ‘கோல் பிளாக்’ படத்துக்கும் அப்போதே கண்டனம் வந்தது. ஜார்ஜ் பாலின் ‘ஜாஸ்பர்’ பொம்மைப் படங்கள் கறுப்பினச் சிறுவனைக் காட்டிய விதம் விமர்சிக்கப்பட்டது. அவரே 1946-ல் ஜான் ஹென்றி என்ற நாட்டார் வீரனை மதிப்போடு காட்டும் படமொன்றை எடுத்தார். ‘எபோனி’ இதழ் அதைப் பாராட்டியது. அதே ஆண்டுகளில், அதே கருவிகளோடு, வேறு மாதிரியும் வரைய முடிந்திருக்கிறது. எனவே “அந்தக் காலம்” என்று சொல்லும்போது அந்தக் காலத்தில் யாருடைய பேச்சு எடுபட்டது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதன் தம்பி போல ஒரு வாதம், “எல்லாரையும்தானே கிண்டல் செய்தார்கள்” என்பது. ஐரிஷ்காரர், ஸ்காட்லாந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் எல்லாருமே கேலிக்கு ஆளானார்கள் என்பது உண்மை. ஆனால் வெள்ளையருக்கு அந்தக் கேலிமுகம் தவிர நாயகன், மருத்துவர், இளவரசி என்று வேறு முகங்களும் திரையில் இருந்தன. மற்றவர்களுக்குக் கேலிமுகம் மட்டுமே இருந்தது. இந்த வாதத்தில் எனக்கு வலு தெரியவில்லை.

எடுத்து வைப்பதா, எச்சரித்துக் காட்டுவதா

1968-ல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் தன் வசமிருந்த வார்னர் கார்ட்டூன்களில் 11 படங்களை ஒளிபரப்பிலிருந்து எடுத்துவைத்தது. வெட்டித் திருத்த முடியாத அளவுக்கு இனக்கேலி அவற்றில் ஊடுபாவாக ஓடியது என்பது காரணம். ‘கோல் பிளாக்’ அவற்றில் ஒன்று. குழந்தைகள் வீட்டில் தனியாகப் பார்க்கும் பெட்டியில் இவை ஓடக் கூடாது என்பது நேர்மையான கவலை. ஆனால் எடுத்துவைத்ததில் வேறொன்றும் மறைந்தது. அந்தப் படத்தில் நாயகிக்குக் குரல் கொடுத்தவர் விவியன் டான்ட்ரிட்ஜ் என்ற கறுப்பினக் கலைஞர். அதன் இசையும் ஆட்டமும் லாஸ் ஏஞ்சல்ஸ் கறுப்பர் கிளப்புகளின் ஜாஸிலிருந்து பிறந்தவை. இழிவும் கலையும் அங்கே பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கின்றன.

ஸ்பீடி கொன்சாலெஸ் என்ற மெக்சிகோ எலியின் கதை இன்னும் சங்கடமானது. அந்தப் படங்களில் சுறுசுறுப்பான எலி ஸ்பீடி ஒருவன். மற்ற எலிகள் தூங்கி வழிபவை. இன முத்திரை என்று கருதி 1999-ல் அமெரிக்க கார்ட்டூன் நெட்வொர்க் அவற்றை நிறுத்தியது. அவனைத் திரும்பக் கேட்டவர்களில் லத்தீன் அமெரிக்கரின் உரிமைச் சங்கமும் இருந்தது. 2002-ல் அவன் திரும்பினான். யாருடைய மானத்தைக் காப்பதாகச் சொல்லித் தடை வந்ததோ அவர்களைக் கேட்காமலே தடை வந்தது என்பது இதில் கவனிக்க வேண்டியது.

இன்று செல்வாக்கோடு இருப்பது நடுவழி. படத்தைக் காட்டு, முன்னால் ஓர் எச்சரிக்கை வை. வார்னர் தன் டிவிடி தொகுப்புகளில் இதைச் செய்தது. டிஸ்னி தன் இணையச் சேவையில் 2020-ல் விரிவான அறிவிப்பொன்றைச் சேர்த்தது, 2025-ல் அதன் வாசகத்தை மென்மையாக்கியது. நூலகத்துக்கும் வகுப்பறைக்கும் இந்த வழி ஏற்றது என்றே நினைக்கிறேன். ஆனால் படங்கள் நம்மூரில் பயணிக்கும் பாதை வேறு. திருவண்ணாமலையில் ஒரு குழந்தை பழைய டாம் அண்ட் ஜெர்ரியைப் பார்ப்பது பெரும்பாலும் அப்பாவின் கைப்பேசியில், யாரோ துண்டாக்கி ஏற்றிய யூடியூப் காட்சியாக. எச்சரிக்கை வாசகம் அங்கே வருவதில்லை. வந்தாலும் ஆங்கிலத்தில் வரும், படிக்கத் தெரியாத வயதுக்கு வரும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெரியவர் சொல்லும் விளக்கத்துக்கு மாற்றாக ஓர் அட்டையை வைக்க முடியுமா என்பது இந்த நிலைப்பாடு இன்னும் பதில் சொல்லாத கேள்வி.

கையுறையும் கட்டியக்காரனும்

ஆய்வாளர் நிக்கோலஸ் சம்மண்ட் 2015-ல் வெளியிட்ட நூல் இந்த விவாதத்தைத் தோண்டி ஆழமாக்கியது. இனக்கேலி என்பது சில கெட்ட படங்களில் ஒட்டிய அழுக்கு, துடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையை அவர் ஏற்கவில்லை. மிக்கியின் வெள்ளைக் கையுறை, அகன்ற வாய், எஜமானை எதிர்த்துக் குறும்பு செய்யும் குணம் எல்லாமே மின்ஸ்ட்ரல் கலைஞனிடமிருந்து வந்தவை, அமெரிக்கக் கார்ட்டூனின் எலும்பிலேயே அது இருக்கிறது என்கிறார். கறுப்பினப் பாத்திரமே இல்லாத படத்திலும் அந்த மேடையின் சாயல் உண்டு என்பது இதன் விளைவு.

அமெரிக்காவைப் பொறுத்தவரை இந்த வாதம் வலுவானது. உலகம் முழுவதுக்கும் நீட்டினால் தளர்கிறது. படைத்தவனையே எதிர்த்துப் பேசும் கோமாளி மின்ஸ்ட்ரல் மேடைக்கு முன்பே பல மண்ணில் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு பக்கத்துப் புரிசை, தம்பிரான் குடும்பத்தின் தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர். நடேச தம்பிரானின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் எழுத்தாளர் ந. முத்துசாமி நவீன நாடகத்தின் பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார். அந்தக் கூத்தில் முதலில் வருபவன் கட்டியக்காரன். அவன் ராஜாவின் வருகையை அறிவிப்பான், அதே வாயால் ராஜாவைக் கேலி செய்வான். கதை மகாபாரத காலத்தில் நடக்கும்போதே ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினையைப் பேசுவான். ராஜா ஏற்ற இறக்கத்தோடு பாடும்போது அவன் ஊர்ப்பேச்சில் குறுக்கிடுவான்.

அசையும் படத்துக்கு இன்னும் நெருக்கமானது தோல்பாவைக்கூத்து. பதப்படுத்திய தோலில் உருவம் வெட்டி, துளையிட்டு, சாயமேற்றி, விளக்குக்கு முன் அசைத்து, ஒரே ஆள் பல குரலில் பேசுவது. சினிமாவுக்கு முந்தைய அசைவுப் படம் என்று அதைச் சொல்வதில் தவறில்லை. ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து அடித்துக்கொள்ளும் காட்சிக்காகவே குழந்தைகள் விழித்திருப்பார்கள். உச்சியில் ஒரு குடுமி, பெருத்த வயிறு, கோணல் உடம்பு என்று மிகைப்படுத்தி வெட்டிய உருவங்கள். மு. இராமசாமி, அ.கா. பெருமாள் போன்றோரின் ஆய்வுகள் காட்டுகிறபடி, இந்தக் கலையைக் கையில் வைத்திருந்த மண்டிகர்கள் வீட்டில் மராத்தி பேசியவர்கள், ஊர் ஊராகச் சென்று பிழைத்தவர்கள். சிறுபான்மையினரே பெரும்பான்மைக்குக் கோமாளியை வெட்டிக் காட்டினார்கள். மின்ஸ்ட்ரல் மேடையின் அதிகார உறவு இங்கே தலைகீழாக இருக்கிறது.

இதை வைத்து நம் மரபு குற்றமற்றது என்று முடித்துவிடும் எழுத்துகளும் உண்டு. அவற்றோடு உடன்பட முடியவில்லை. கோமாளியின் கேலி ராஜாவோடு நிற்பதில்லை. உடல் குறையுள்ளவர், கிழவி, கறுத்த பெண், கீழ்ச்சாதி என்று சொல்லப்பட்டவர் எல்லாரும் அதே வாயில் அரைபட்டிருக்கிறார்கள். பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள். காஞ்சிபுரம் வட்டாரத்தில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகள் ஆடப் பழகியது மிக அண்மைக்காலச் செய்தி. மேலே உள்ளவனைக் கேலி செய்வதும் கீழே உள்ளவனைக் கேலி செய்வதும் ஒரே கோமாளியிடம் உண்டு. எந்தப் பக்கம் எவ்வளவு என்பதைக் கூத்துக்குக் கூத்து, இரவுக்கு இரவு பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பம்பாயில் வரைந்த இந்தியா

இந்தியாவின் சொந்தக் கார்ட்டூன் குறும்பட வரலாறு சிறியது, ஆனால் இந்தக் கேள்விக்கு மிகவும் வேண்டியது. பால்கே தீக்குச்சிகளை அசைத்துப் படமெடுத்த காலத்தையும், 1934-ல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் வெளியிட்ட ‘தி பீ பிரதர்ஸ்’ படத்தையும் தாண்டினால், 1947-ல் சென்னை ஜெமினி ஸ்டூடியோ ‘சினிமா கதம்பம்’ என்று ஒரு கார்ட்டூனை எடுத்தது. அன்றைய திரை நட்சத்திரங்களைக் கேலிச்சித்திரமாக வரைந்த படம் அது. ஜெமினியும் ஆனந்த விகடனும் எஸ்.எஸ். வாசன் என்ற ஒரே முதலாளியுடையவை என்பதை நினைத்துக்கொண்டால், தமிழ்க் கேலிச்சித்திரம் திரைக்குத் தாவ அங்கே எல்லா வசதியும் இருந்தது புரியும். பாரதியின் ‘இந்தியா’ இதழ் தொடங்கி வைத்த கேலிச்சித்திர மரபு விகடனில் மாலி, கோபுலு என்று செழித்திருந்தது. ஆயினும் அது தொடர்ச்சியான தமிழ்க் கார்ட்டூன் பட மரபாக வளரவில்லை. செலவு பெரிய காரணம். ஒரு நொடி அசைவுக்குப் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு ஓவியம் வேண்டும். அந்தப் பணத்துக்கு ஒரு பாட்டுக் காட்சியே எடுத்துவிடலாம்.

பணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இதைச் செய்ய முடிந்தது அரசு ஒன்றால்தான். 1948-ல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன், 1950களின் நடுவில் பம்பாயில் கார்ட்டூன் பிரிவை அமைத்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் டிஸ்னியில் வேலைபார்த்த கிளேர் வீக்ஸ். மிஷனரிப் பெற்றோருக்கு இந்தியாவில் பிறந்தவர். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் சென்னையில் வேதியியல் படித்த ராம் மோகன். புத்த ஜாதகக் கதையை எடுத்துக்கொண்ட ‘தி பேனியன் டீர்’ அந்தக் காலத்துப் படம். பௌனகரியின் ‘ராதா அண்ட் கிருஷ்ணா’ பஹாடிச் சிற்றோவியங்களைக் கொண்டு எழுந்தது.

இந்தப் படங்கள் திருவண்ணாமலைக்கும் வந்தன என்று சொல்ல ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. உரிமம் பெற்ற ஒவ்வொரு கொட்டகையும் காட்சிதோறும் அரசு அங்கீகரித்த குறும்படத்தைக் காட்டியாக வேண்டும் என்பது அன்றைய சட்டம். எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் பார்க்க மணல்தரையில் உட்கார்ந்தவர்கள், அதற்கு முன் பம்பாயிலிருந்து வந்த நியூஸ் ரீலையும், சில நாள் பொம்மைப் படத்தையும், தமிழில் ஒலித்த ஆண்குரலோடு பார்த்தார்கள். குடும்பக் கட்டுப்பாடு, அம்மை ஊசி, சேமிப்பு, சுகாதாரம் என்று அரசு சொல்ல விரும்பியதைச் சொல்லக் கார்ட்டூன் வசதியாக இருந்தது. பிரமோத் பட்டியின் ‘கிளாக்ஸ்ப்ளோஷன்’ போன்ற துணிச்சலான சோதனைகளும் இதே குடும்பக் கட்டுப்பாட்டுக் கணக்கில்தான் பிறந்தன.

இவற்றைப் பற்றிய நிலைப்பாடுகள் இரண்டாகப் பிரிகின்றன. ஒரு சாரார், அமெரிக்கப் பாணியிலிருந்து விலகி, சிற்றோவியத்தையும் ஜாதகத்தையும் கொண்டு ஓர் இந்திய முகத்தைத் தேடிய அரிய முயற்சி இது என்கிறார்கள். எதிரே நிற்பவர்கள், அந்த இந்திய முகம் யாருடையது என்று கேட்கிறார்கள். இரண்டுமே சரிதான் என்று தோன்றுகிறது. அறிவுரை சொல்லும் படத்தில் சொல்பவர் நகரத்தவர், கேட்டுத் திருந்துபவர் கிராமத்தவர். குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தின் நான்கு சிரித்த முகங்களில் சாதி தெரியாது, ஊர் தெரியாது. எவரும் அவமானப்படாத முகங்கள். எவருக்கும் முழுதாகச் சொந்தமும் இல்லாதவை.

அச்சிலும் இதே நடந்தது. ஆர்.கே. லட்சுமண் தொடக்கத்தில் வங்காளி, தமிழர், பஞ்சாபி என்று பல மாநிலத்தவரையும் தன் கேலிச்சித்திரத்தில் வரைய முயன்றதாகவும், நாளேட்டின் நெருக்கடியில் அவர்களைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் கட்டம்போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்த ஒரே ‘சாமானியர்’ மிஞ்சியதாகவும் சொல்லியிருக்கிறார். பன்மையை வரைய ஆரம்பித்து ஒருமையில் முடிந்த பயணம் அது. மிஞ்சியவர் ஆண் என்பதும் கவனத்துக்குரியது.

பன்மையைப் பற்றியே பேசிய படம் 1974-ன் ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’. விஜயா முலே உருவாக்கியது, பீம்சேன் அசைவூட்டியது, வசந்த் தேசாய் இசை. சிறந்த கல்விப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. தம்பி தங்கைகள் கேட்க, அக்கா கதை சொல்கிறாள். வேடனின் வலையில் சிக்கிய பறவைகள் சேர்ந்து எழும்பி வலையோடு பறக்கின்றன, எலிகள் வலையை அறுத்து விடுவிக்கின்றன. உடையும் மொழியும் வேறானாலும் எல்லாரும் ஒரே நாட்டவர் என்பது பாட்டின் சாரம். வட இந்தியாவில் ஒரு தலைமுறைக்கே இது பால்ய நினைவு. கோடுகளில் இருக்கும் கனிவை யாரும் மறுக்க முடியாது. மொழிகள் பல என்ற செய்தி இந்தியில் பாடப்பட்டது என்பதையும் மறுக்க முடியாது. 1965-ன் மொழிப்போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அது சிறு விஷயம் அல்ல. 1988-ல் வந்த ‘மிலே சுர்’ பாட்டில் பாலமுரளிகிருஷ்ணாவின் தமிழ் வரி ஒலித்தபோது எழுந்த மகிழ்ச்சி, அதற்கு முன் இருந்த வெற்றிடத்தின் அளவைக் காட்டுகிறது.

நிறம்

வெற்றிடத்தைத் தாண்டி நேரடியான காயமும் இந்தியக் கார்ட்டூனில் உண்டு. அது நிறத்தில் இருக்கிறது. 1967-ல் தொடங்கிய அமர் சித்திரக் கதை காமிக்ஸ் வரிசையை ஆராய்ந்த நந்தினி சந்திராவும் கார்லைன் மெக்லைனும், நாயகியர் வெளுத்தும் அரக்கர் கறுத்துத் தடித்தும் வரையப்பட்டதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அந்தக் கண் தொலைக்காட்சிக் கார்ட்டூனுக்கும் வந்தது. 2008-ல் தொடங்கிய ‘சோட்டா பீம்’ தொடரில் நாயகனையும் அவனோடு மோதும் முரடன் காளியாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். முரடன் ஒரு படி கறுத்திருக்கிறான், பெயரும் அதையே சொல்கிறது. வேண்டுமென்றே செய்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. வண்ணத் தட்டில் முதலில் கைபோகும் இடம் அதுவாக இருந்திருக்கலாம். அப்படியானால் அது இன்னும் கவலைக்குரியது.

கம்பனின் ராமன் கரியவன், கண்ணன் பெயரிலேயே கறுத்தவன். அச்சகமும் நாட்காட்டியும் அவர்களுக்கு நீலத்தைப் பூசி நிறப் பிரச்சினையைத் தாண்டிப் போயின. கார்ட்டூனும் அதே வழியில் நடந்தது. கருநிறம் கடவுளுக்கு நீலமாகவும் முரடனுக்குப் பழுப்பாகவும் மாறுகிற இந்த வழக்கத்தை, கோயிலில் கருங்கல் மூலவரை வணங்குகிற ஊர்ப் பிள்ளைகள் எப்படி உள்வாங்குகிறார்கள் என்பது விரிவான கள ஆய்வு வேண்டுகிற விஷயம்.

இல்லாதவர்களை எப்படி எண்ணுவது

அமெரிக்கக் கார்ட்டூனில் இந்தியர் என்றால் தலைப்பாகை, மகுடி, பாம்பு. 1964-ன் ‘ஜானி குவெஸ்ட்’ தொடரின் ஹாஜி கல்கத்தாவில் கிடைத்த அநாதைச் சிறுவன், தலைப்பாகையில் கல், வாயில் மந்திரம். அவனை முன்னேற்றமாகப் பார்ப்பவர் உண்டு: நண்பன், அறிவாளி, உயிர் காப்பவன். பழைய அச்சின் மறுவார்ப்பாகப் பார்ப்பவரும் உண்டு. எப்படியாயினும் தென்னிந்தியர் இந்தப் பட்டியலில் ஏறக்குறைய இல்லை. கேலிக்குக்கூட எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இதுவரை பார்த்த நிலைப்பாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை இங்கேதான் தெரிகிறது. அவை திரையில் இருக்கும் உருவத்தை எடுத்துக்கொண்டு, அது இழிவா இல்லையா, நீக்கலாமா காட்டலாமா என்று கேட்கின்றன. இழிவுக்கு எதிராக மனு கொடுக்கலாம், படத்தை நிறுத்தலாம், எச்சரிக்கை வைக்கலாம். திரையில் ஒருபோதும் வராதவருக்காக என்ன மனு கொடுப்பது? திருவண்ணாமலை மாவட்டத்தின் மேற்கே ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றி மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். சமவெளியில் இருளர்கள் இருக்கிறார்கள். தேனெடுப்பும் சாமை விதைப்பும் எலி பிடிப்பும் தெரிந்த பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். எண்பது ஆண்டுக் கார்ட்டூனில் அவர்கள் முகம் எங்கே என்று தேடினால் காட்டுவாசி என்ற பொது உருவம் கிடைக்கும், இலையுடையும் எலும்பு மாலையுமாக. அதுவும் வேறு கண்டத்திலிருந்து வந்தது.

இல்லாமையை நிரப்ப இரண்டு வழிகள் முயலப்பட்டிருக்கின்றன. ஒன்று, எல்லாருக்கும் பொருந்தும் முகத்தைத் தேடுவது. யுனிசெஃபுக்காக 1990களின் தொடக்கத்தில் ராம் மோகன் வடிவமைத்த ‘மீனா’ இதற்குச் சிறந்த சான்று. இந்தியா, வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான் நான்கிலும் அந்நியமாகத் தெரியாத பெயரும் உடையும், ஊர்மக்களிடம் படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டு முடிவானவை. பெண்பிள்ளையும் பள்ளிக்குப் போக வேண்டும், தம்பிக்குக் கிடைக்கும் அதே மாம்பழத் துண்டு அவளுக்கும் வேண்டும் என்று பேசிய அந்தச் சிறுமியின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் நான்கு நாட்டுக்கும் பொதுவானவள் கங்கைச் சமவெளியின் சாயலோடுதான் அமைந்தாள்.

இரண்டாவது வழி, தூரிகையை உரியவர் கையில் கொடுப்பது. நீனா சப்னானி கட்ச் பகுதித் தையல்காரப் பெண்களின் துணியோவியத்தையும் அவர்கள் குரலையும் கொண்டு 2009-ல் எடுத்த ‘டாங்கோ போலே சே’, பின்னர் பீல் ஓவியத்தோடு எடுத்த படம் ஆகியவை இவ்வழியில் போனவை. இங்கே முகம் கோணலாக இருக்கலாம், ஆனால் கோணலைத் தீர்மானித்தவர் அந்த முகத்துக்குரியவர். படங்கள் குறைவு, பரவல் இன்னும் குறைவு என்பது இவ்வழியின் பலவீனம். விழாக்களுக்குப் போகின்றன, ஜமுனாமரத்தூருக்கு வருவதில்லை.

தமிழ்நாட்டில் 1989-ன் ‘ராஜா சின்ன ரோஜா’வில் ரஜினியோடு கார்ட்டூன் விலங்குகள் ஆடின. அதற்கும் ராம் மோகன்தான். 2000 வாக்கில் சென்னையின் பென்டாமீடியா கணினி அசைவுப் படங்களை எடுத்தது. 2007-ல் சுட்டி டிவி வந்த பிறகு வெளிநாட்டுக் கார்ட்டூன் தமிழ் பேசுவது பரவலானது. இந்தக் குரல் மாற்றம் தனி ஆய்வுக்குரியது. டோராவும் புஜ்ஜியும் வீட்டுப் பிள்ளைகளாகவே ஆனார்கள், அது பெரும் சாதனை. கூடவே, நாயகனுக்குப் பொதுத்தமிழும் அடியாளுக்கும் அசட்டுப் பாத்திரத்துக்கும் வட்டார வழக்கும் கொடுக்கும் சினிமாப் பழக்கமும் டப்பிங்குக்கு வந்தது. ஸ்பீடியின் தூங்கும் எலிகள் இங்கே வேறு பேச்சில் மறுபிறவி எடுத்தன.

தீராமல் நிற்பவை

எடுத்துவைப்பதா காட்டுவதா என்ற சண்டையில், வயதுக்கேற்ற விளக்கத்தோடு காட்டுவதே குறைந்த தீங்கு என்று இப்போதைக்குச் சொல்லலாம். அந்த விளக்கத்தை யார், எந்த மொழியில், எந்தக் கருவியில் தருவது என்பது முடிவாகவில்லை. மின்ஸ்ட்ரல் வேர் பற்றிய வாதம் இந்தியாவுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதும் அப்படியே. டிஸ்னியில் பழகியவர் பயிற்றுவித்த பிரிவில், கூத்துக் கோமாளியின் மண்ணிலிருந்து வந்தவர்கள் வரைந்தபோது இரண்டு மரபில் எது எங்கே வென்றது என்பதை ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்களைச் சட்டம் சட்டமாகப் பார்த்தால்தான் சொல்ல முடியும். 2022-ல் அந்நிறுவனம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. படங்களோடு அவற்றின் தமிழ் ஒலித்தடங்களும் பட்டியலிடப்பட வேண்டும். அந்தத் தமிழை எழுதியவர்கள், பேசியவர்கள் பெயரும் சேர்த்து.

தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் அசைவூட்டம் பட்டப்படிப்பாக இருக்கிறது. அங்கே வரைபலகையின் முன் உட்காருபவர்களில் ஜவ்வாது மலைப் பிள்ளை, புரிசைக் கூத்துக் குடும்பத்துப் பிள்ளை, இருளர் குடியிருப்புப் பிள்ளை எத்தனை பேர் என்ற கணக்கு, எந்தப் பழைய படத்தை நிறுத்துவது என்ற கணக்கைவிட முந்தியது என்பது என் கருத்து. அப்படி வந்தவர்கள் வரைந்தால் வேறு முகம் கிடைக்குமா, அல்லது பிழைப்புக்காக அவர்களும் அதே வண்ணத் தட்டில் அதே இடத்துக்குக் கையைக் கொண்டுபோவார்களா என்பதை அந்தப் படங்கள் வந்த பிறகுதான் பார்க்க முடியும்.